பேய் மிளகாய் நேர்ச்சை

திண்டுக்கல்லில் ராயப்பராஜ் வேலை பார்க்காத பிரியாணிக் கடை இல்லை. சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராத கடையும் இல்லை. மிளகைக் கொஞ்சம் குறையுங்கள் என்று முதலாளி வாய் திறந்தால் போதும், "நாக்கு செத்தவனுக்கு எதுக்குய்யா கடை?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் வைப்பது குழம்பே இல்லையாம், சாயம் கலந்த வெந்நீராம்.

இந்தச் சூரர் போன வருஷத்திலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சோறு தின்கிறார் என்பது அவர் மனைவி ஆனந்தமேரிக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றில் புண். மிளகாய்ப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போவதோடு கரண்டியும் போகும்.

கரண்டி என்றால் அசனக் கரண்டி. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் கிராமத்தில் அந்தோனியார் திருநாளன்று அசனம் என்கிற பொது விருந்து, ஊருக்கே ஒரே குழம்பு. ஆடோ, கோழியோ, கத்தரிக்காயோ, யார் எந்த நேர்ச்சை கொண்டுவந்தாலும் மீதி வைக்காமல் கொப்பரையில் போட்டாக வேண்டும். கோயில் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்கும்வரை சமைப்பவர் அதை நாக்கில் வைக்கக் கூடாது. மந்திரித்த பிறகு முதல் கவளம் சமைத்தவருக்குத்தான். ஊரே பார்க்க அவர் சாப்பிட வேண்டும், அதன்பிறகுதான் பந்தி. கடை கடையாகப் போன பிழைப்பில் ராயப்பராஜுக்கு மிஞ்சிய ஒரே மரியாதை அந்தக் கொப்பரைதான்.

அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது. திருநாள் கமிட்டித் தலைவர் கிறிஸ்துராஜ் வேறு யாருமில்லை, ஆனந்தமேரியின் சொந்த அண்ணன். "மாப்ளைக்கு முன்ன மாதிரி முடியல. ஆளே வாடிப் போயிட்டாரு. வயித்துல ஏதோ கோளாறுனு வேற பேசிக்கிறாய்ங்க. டவுன் கேட்டரிங்ல குடுத்தா யூனிபார்ம் போட்டு வந்து பரிமாறுவான்" என்று மீட்டிங்கில் பேசியிருந்தார். இந்த ஒரு வருஷம் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

அசனத்தன்று காலையில் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் டோப்னோ வந்தார். அசாம்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர். ஊரில் மகளுக்கு மஞ்சள்காமாலை குணமானதற்கு நேர்ச்சை. வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் காயவைத்து அவர் அம்மா அனுப்பியிருந்த மிளகாய், ஒரு பை நிறைய. குட்டையாக, தோல் சுருங்கி, பார்க்க நோஞ்சானாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு போதும். எங்க வீட்டுல ஒரு பழத்தைக் கொழம்புல முக்கி எடுத்து, நாளைக்கும் அதையே முக்குவோம். இது பேய் மிளகாய்."

ராயப்பராஜுக்குச் சுருக்கென்றது. "யாருக்குய்யா காரத்தைப் பத்திச் சொல்ற? அந்தோனியாருக்குக் குடுத்ததைப் பாதி போட்டுப் பாதி பதுக்கச் சொல்றியா?" என்றார். ஒரே ஒரு பயம் உள்ளே இருந்தது, வயிறு. ஒரு கவளம்தானே, அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்று அந்தப் பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் போட்டார். மிக்ஸியில் அரைத்த பெண்கள் இருமிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார்கள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அரைத்த விழுதை வெறுங்கையால் வழித்து மொத்தத்தையும் கொப்பரையில் தள்ளினார்.

சாமியார் மந்திரித்தார். முன்வரிசையில் கிறிஸ்துராஜ் பேரனை மடியில் வைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். ராயப்பராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. இம்புட்டுத்தானா என்று நினைப்பதற்குள் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. தொண்டையிலிருந்து வயிறுவரை நெருப்புக் கம்பி இறங்கியது. இருந்தும் விழுங்கிவிட்டார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு "பந்தி போடலாம்" என்று சொன்னால் போதும், கரண்டி தப்பித்துவிடும். பரிமாறுகிறவர்கள் வாளியோடு காத்திருந்தார்கள். கிறிஸ்துராஜின் பேரன் இலையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"யாரும் கை வைக்காதீங்க!" என்று கத்தினார் ராயப்பராஜ். "வாளியக் கீழ வைங்கப்பா!"

கிறிஸ்துராஜ் சிரித்தார். "என்ன மாப்ள, ஒங்களுக்கே காரமா? அப்ப வயித்துல கோளாறுனு சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் மச்சான். ஒரு வருசமாத் தயிர்சோறுதான் திங்கிறேன். இப்ப அது முக்கியமில்ல. இத தின்னா புள்ளைக தாங்காது."

கூட்டம் வாயைப் பிளந்தது. டோப்னோ எழுந்து வந்து குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே குழாயடிக்கு ஓடினார். "எங்க ஊர்ல இப்படிச் சமைச்சா அடிப்பாங்க அண்ணே" என்று அங்கிருந்து குரல் வந்தது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

மந்திரித்ததைக் கொட்டவும் முடியாது. ஆனந்தமேரி தெருவில் இறங்கி வீடு வீடாகக் குரல் கொடுத்தாள். தேங்காய், பருப்பு, பூசணிக்காய் என்று வந்து குவிந்தது. ஒரு கொப்பரை நாலு கொப்பரை ஆயிற்று. தேங்காய்ப்பால் ஊற்றி ஊற்றிப் பொழுது சாயும் நேரத்தில் பந்தி போட்டார்கள். பசியோ, மிளகாயோ, அந்தோனியாரோ தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லோரும் மறுசோறு வாங்கினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கிறிஸ்துராஜ் மைக்கைப் பிடித்தார். "இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். அடுத்த வருசம் கேட்டரிங்க்காரன்கிட்டயே குடுத்துருவோம்."

ஆனந்தமேரி தேங்காய் துருவிய கையோடு எழுந்து வந்தாள். "ஏண்ணே, கேட்டரிங்க்காரன் மொத வாயி அவன் திம்பானா? நேரா ஒன் பேரன் எலையில கொண்டாந்து ஊத்திருப்பான்."

கிறிஸ்துராஜ் தன் தோளில் தூங்கிவிட்ட பேரனைப் பார்த்தார். மைக்கை அணைத்துவிட்டு அடுப்படிக்கு நடந்தார்.

"அடுத்த வருசத்துக்கு எத்தன ஆடு வேணும் மாப்ள?"

பதிலுக்கு ஏதாவது சுருக்கென்று சொல்ல ராயப்பராஜுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நாக்கு வாய்க்குள் வீங்கிக் கிடந்தது. இரண்டு கையிலும் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. விரலெல்லாம் மிளகாய் என்பதால் துடைக்கவும் வழியில்லை.