ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் நான் கேட்காமல் எழுதிய எட்டு வரிகள்

பொலிஸ் ஸ்டேசன் மர வாங்கில் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. மடியில் என் சுருக்கெழுத்துக் கொப்பி. கைப்பைக்குள் செபமாலை இருந்தது. அதை வெளியே எடுத்து உருட்டவும் பயம். பக்கத்து அறையில், கிண்ணியாப் பக்கமிருந்து அன்று காலையில் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். அவர் அங்கே இருப்பதற்குக் காரணம் நான். அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட எட்டு வரியையும் ரைப் அடித்தவள் நான்தான்.

சுருக்கெழுத்துப் படிக்க என்னிடம் வருகிற பிள்ளைகள், "மிஸ், ஒரு சொல்லு விட்டுப்போச்சு எண்டா என்ன செய்யிறது?" என்று கேட்பார்கள். மற்றக் கேள்விகளுக்கு எரிந்து விழுவேன். இதற்கு மட்டும் விழுவதில்லை. அதற்கான பதிலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. கதைத் திருவிழா

எழுபதுகளில் நான் திருகோணமலையில் ஒரு பிரக்கிராசியாரிடம் ஸ்டெனோவாக இருந்தேன். வழக்கறிஞர்களை அப்போது ஊர் அப்படித்தான் அழைக்கும். தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் எழுதுவேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்? கோட்டில் வழக்கு எழுதுகிற மற்ற ஸ்டெனோக்கள் "திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்கும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிரக்கிராசியார் ஐயாதான் ஊர் வாசகர் வட்டத்துக்கும் தலைவர். ஓகஸ்ட் விடுமுறை வந்தால் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபம் எடுத்து மூன்று நாள் பேச்சு விழா நடத்துவார். முதல் நாள் அரசியல், இரண்டாம் நாள் வரலாறு, மூன்றாம் நாள் பத்திரிகை. பேச்சைக் கதை என்கிற ஊரில் அதற்குக் கதைத் திருவிழா என்று பெயர். மூதூர், தோப்பூர், கிண்ணியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வீட்டில் ஒரு சொல் பேசாத ஆண்களெல்லாம் அங்கே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உலக அரசியலை அலசுவார்கள்.

நான் சொல்லும் வருடம் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. நாலு பேர் கூடவும் அனுமதி வேண்டும். விழாவுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பேசப்பட்ட முழுப் பேச்சையும், ஒரு சொல் விடாமல், அன்றன்று பின்னேரம் நான்கு மணிக்கு முன் ரைப் அடித்துப் பொலிஸில் கொடுக்க வேண்டும்.

ஐயா அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "பிலோமினா, உன்னாலை ஏலுமோ? ஏலாதெண்டா இப்பவே சொல்லு, விழாவை நிப்பாட்டிப்போடுவம்."

"என்ன ஐயா இப்பிடிக் கேக்கிறியள்? வடிவாய் ஏலும்," என்றேன்.

வாய்க்கொழுப்பு, வேறென்ன.

2. உருண்டுபோன பென்சில்

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. கடைசிப் பேச்சாளர் ஜமால்தீன் மாஸ்டர். கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரர், அரசாங்கப் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவர். துறைமுகத்தின் கதையைச் சொல்ல வந்திருந்தார். போர்த்துக்கேயர் எங்கே கல் எடுத்தார்கள், வெள்ளைக்காரன் எந்தக் காணியைப் பிடித்தான் என்று பேச ஆரம்பித்தால் சனம் அசையாமல் இருக்கும்.

அவர் பேச்சை நான் முன்பும் எழுதியிருக்கிறேன். அவசரகாலம் வருவதற்கு முந்திய வருடம் தோப்பூரில் ஒரு கூட்டத்தில் அதே துறைமுகக் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, இப்போதைய அரசாங்கமும் காணி பிடிப்பதைப் பற்றி எட்டு வரியில் ஒரு முடிவுரை பேசினார். சனம் எழும்பி நின்று கை தட்டியது. எனக்கு அது மனப்பாடமாகவே இருந்தது. ஆனால் அது அந்தக் காலம். இப்போது அரசாங்க வாத்தியார் ஒருவர் அப்படிப் பேசினால் வேலையும் போகும், ஆளும் உள்ளே போகவேண்டியதுதான்.

என் மேசை மேடையின் ஓரத்தில், சனத்தைப் பார்த்தபடி இருந்தது. மாஸ்டர் ஏறும் முன் என்னிடம் வந்தார். சிரித்தாலும், சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மிஸ், இண்டைக்கு வரலாறு மட்டும்தான். என்ட வேலையும் ஆறு புள்ளைகளும் உங்கட பென்சிலில இருக்கு."

"நீங்கள் பயப்பிடாமல் பேசுங்கோ மாஸ்டர். மிச்சத்தை நான் பாக்கிறன்."

கடைசி வரிசையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு இந்தப் பக்கம் மூன்று கதிரை, அந்தப் பக்கம் மூன்று கதிரை காலியாகக் கிடந்தன. அவர்களைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க என் கண் அங்கேயே போனது. உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது.

பேச்சு முடிகிற நேரம் பென்சில் முனை உடைந்தது. அடுத்ததை எடுத்தேன். அது வேர்வையில் வழுக்கி மேசைக்குக் கீழே உருண்டு போய்விட்டது. மூன்றாவது, காலடியில் வைத்த கைப்பைக்குள். குனிந்து தேடினேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கை நின்றால் காதும் நின்றுவிடும். மாஸ்டரின் குரல் கேட்டது, ஒரு சொல்லும் உள்ளே ஏறவில்லை. பிறகு சிரிப்பும் பெரிய கைதட்டலும் கேட்டன. தலையை நிமிர்த்தினால் மண்டபம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே துழாவிய என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். வெட்கத்தில் முகம் பற்றி எரிந்தது. பென்சிலைப் பிடித்தபோது மாஸ்டர் ஸலாம் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்.

விட்டுப்போன இடத்துக்கு அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டேன். அதுதான் முறை. கூட்டம் கலைந்ததும் பேசியவரைக் கேட்டு நிரப்ப வேண்டும். கேட்கப் போனேன். வெள்ளிக்கிழமையல்லவா, மாஸ்டர் ஜும்ஆவுக்கு ஓடிவிட்டார். தொழுதுவிட்டு அப்படியே பஸ் ஏறி, பாதை எனப்படும் மிதவையில் வாவியைக் கடந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

3. நான்கு மணிக்கு முன்

ஐயாவின் கந்தோரில் ரைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று பிரதிக்குக் காபன் வைத்து அடிக்கத் தொடங்கினேன். அந்த அரைப் பக்கத்துக்கு வந்தபோது மூன்றரை மணி.

ஒரு சொல் விடாமல் என்று கடிதத்தில் இருந்தது. இடைவெளி விட்டுக் கொடுத்தால் எதையோ மறைக்கிறோம் என்று நினைக்க மாட்டார்களா? ஐயாவைக் கூப்பிட மாட்டார்களா? பிலோமினாவுக்கு எழுத ஏலவில்லை என்று கோட்டிலுள்ள மற்ற ஸ்டெனோக்கள் சிரிக்க மாட்டார்களா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தாள் தோப்பூரிலும் அந்த எட்டு வரியோடுதானே முடித்தார், கை தட்டியதும் அதற்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் அவர் என்னிடம் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேயில்லை. விரல் தானாக அடித்தது.

ஐயா என் வேலையை வாசித்துப் பார்ப்பதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். பத்து நிமிடம் இருக்கும்போது பியோன் சைக்கிளில் கொண்டுபோனார். அப்பாடா என்று தேத்தண்ணி குடித்தேன். இன்றைக்கும் அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் எனக்குக் குமட்டும்.

4. யாருக்கும் ஞாபகமில்லை

சனிக்கிழமை பத்திரிகை நாள். ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர், கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலந்து எழுதக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். நான் அதையும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஐயா மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் காபன் பிரதி.

"மாஸ்டரைக் காலமை பொலிஸ் வீட்டிலை வந்து பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இந்த எட்டு வரிக்காக. இதை அவர் எப்ப சொன்னவர்? கடைசியிலை நான் சாப்பாட்டுப் பார்சல் பாக்க வெளியிலை போயிட்டன்."

வாசித்தேன். தாளை ஐயாவிடமே திருப்பிக் கொடுத்தேன். "அவர் சொல்லேல்லை ஐயா. நான் கேக்கேல்லை. நானாய்ப் போட்டது."

ஐயா என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் ஏசவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தார். "கவனமாய்க் கேள் பிள்ளை. இதைப் போய்ச் சொன்னியெண்டா, பொய் அறிக்கை குடுத்ததெண்டு உன்னை உள்ளை போடலாம். இப்ப பிணையும் குடுக்கமாட்டாங்கள். உனக்குக் கலியாணம் வேறை பேசுறாங்கள். மண்டபத்திலை இருந்த ஆரும் வந்து, மாஸ்டர் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு சாட்சி சொன்னால் போதும். முதல் அதைப் பார்."

பார்த்தேன். முந்தின நாள் கை தட்டிய மூன்று பேரிடம் அங்கேயே போய்க் கேட்டேன். ஒருவர், "எனக்கு ஞாபகமில்லை மிஸ்," என்றார். இன்னொருவர் தான் வெள்ளிக்கிழமை வரவேயில்லை என்றார். முன் வரிசையில் இருந்த மனுசன்! மூன்றாமவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "மாஸ்டர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. ஆனா நான் பொலிசுக்கு வரமாட்டன். கோவிக்காதேங்கோ, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

கந்தோர் அலுமாரியிலிருந்து வெள்ளிக்கிழமைக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தேன். ஐயா, "நில்லு, நானும் வாறன்," என்று பின்னால் ஓடிவந்தார். வழியில் இரண்டு தரம் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். ஐயா இரண்டு தரமும் பக்கத்தில் நின்றார்.

5. வெள்ளை அரைப் பக்கம்

இன்ஸ்பெக்டர் சிங்களவர். தமிழ் ஓரளவு நன்றாகவே கதைப்பார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மிஸ், நேத்து இது உண்மை எண்டு குடுத்தீங்க. இண்டைக்கு பொய் எண்டு சொல்றீங்க. அங்க இருந்த எங்கட ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. நான் எந்த மிஸ்ஸை நம்புறது?"

கொப்பியை விரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் முன்னும் பின்னும் புரட்டினார். எல்லாப் பக்கமும் பென்சில் கோடும் வளைவுமாக நிரம்பியிருந்தன. அந்த ஒரு இடம் மட்டும் வெள்ளை.

"எனக்கு இந்த எழுத்து வாசிக்க தெரியாது," என்றார். "ஆனா இதில ஒண்டும் இல்ல எண்டு தெரியுது. அழிச்சு இருக்கலாம் தானே?"

யன்னல் பக்கம் போய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். மறுபடியும் பிடித்தார். அழிறப்பர் தேய்த்த தாள் மெலிந்து தெரியும். அவர் அங்கே நின்ற நேரத்தில் நான் மாதாவிடம் என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

பிறகு வந்து உட்கார்ந்து, மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னார். அரை நாளில் ஒரு மனிதர் இவ்வளவு வாடிப்போவாரா? சால்வை இல்லை. என்னைக் கண்டதும், என்னையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். "மிஸ்ஸை ஏன் சேர் கூப்பிட்டீங்க? அவ எழுத மட்டும்தானே செஞ்சவ," என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் தட்டினார். "மாஸ்டர், கடைசியில மிஸ்ஸுக்கு கொஞ்சம் விட்டுப்போச்சு. அந்த இடத்தில நீங்க என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். "அது ஒண்டுமில்ல சேர்."

"ஒண்டுமில்லாததுக்கு சனம் கை தட்டாது. சொல்லுங்க. மிஸ், வேற கடதாசியில எழுதுங்க. இந்த இடம் இப்படியே இருக்கட்டும்."

ஒரு கான்ஸ்டபிள் தாளும் பேனையும் தந்தார். மாஸ்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் எழுதினேன்.

"இண்டைக்கு இந்த மேடையில ஏற எனக்குப் பயமாத்தான் இருந்தது. ஆனா அந்த மேசையைப் பாருங்க. அங்க பிலோமினா மிஸ் இருக்கிறா. நான் சொன்னதில ஒரு சொல்லையும் அவ விடமாட்டா. நான் சொல்லாத ஒரு சொல்லையும் எழுதமாட்டா. அதனாலதான் தைரியமாப் பேசினன். அவவுக்கு ஒருக்கா கை தட்டுங்க."

அந்தச் சிரிப்பும் கைதட்டலும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணீர் விழுந்து மை கரைந்தது. இன்ஸ்பெக்டர் இன்னொரு தாள் தந்து, முதலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதினேன். அன்று ஒரு சொல்லும் விடவில்லை.

மாஸ்டரை இரண்டு மணிபோல விட்டார்கள். என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு கொப்பியையும் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடமாவது, ஜீப் சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் போய் நின்றுவிடுவேன். யாரும் வரவில்லை. மாஸ்டர் என்னோடு பழையபடிதான் கதைத்தார். ஆனால் எந்த மேடையிலும் ஏறவில்லை. அடுத்த வருட விழாவுக்கு நானே குறிஞ்சாக்கேணிக்குப் போய்க் கூப்பிட்டேன். "இல்ல மிஸ், நான் கீழ இருந்து கேக்கிறன்," என்றார். வந்து நடு வரிசையில் இருந்து கேட்டார்.

ஆகையால் பிள்ளைகளே, ஒரு சொல் விட்டுப்போனால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அடிக்கும்போது, "இவ்விடம் எனக்குக் கேட்கவில்லை" என்று அடித்துக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கேட்பவர் எந்தப் பெரிய மனுசராக இருந்தாலும் சரி. வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கத்தோடு வீட்டுக்குப் போகலாம், இரவு படுத்துத் தூங்கலாம். ஜமால்தீன் மாஸ்டர் எனக்காகக் கேட்டு வாங்கித் தந்த கைதட்டலோடு என்னால் இன்றுவரை அப்படித் தூங்க முடியவில்லை.