பெரட்டில் கூப்பிட்ட பெயர்

1946 பெப்ரவரி முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. பதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கடும் மூடுபனி, மழை இல்லை. எனக்கு ஏழு வயது. இதில் பிழை இருக்காது. மற்றவை முன்னே பின்னே இருக்கலாம்.

கதிர்காமம் போய்த் திரும்பிய பண்டாரம் ஒருவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தங்கி ஒரு வாக்குச் சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அப்படி இருந்தால் வெள்ளைக்காரத் துரை மலையிறங்கிப் போய்விடுவார். தேயிலைக்கு அடியில் புதைத்தவர்களெல்லாம் எழுந்து வீட்டுக்கு வருவார்கள்.

மேல்மலைத் தேயிலைக்குள் என் அக்கா கிடந்தாள். முந்தின வருஷம் காய்ச்சலில் போனவள். அம்மா அவளுக்குச் சிவப்புப் பாவாடை தைத்தாள். இதற்குள் வளர்ந்திருப்பாள் என்று நான்கு விரற்கடை நீளம் கூட்டித் தைத்தாள்.

எனக்கு வேறு கவலை. ஒரே காம்பராவில் ஏற்கனவே ஐந்து பேர். அவள் எங்கே படுப்பாள்?

அம்மாவின் தம்பி, என் மாமா, சிரித்தார். "ஏக்கா, செத்தவங்களுக்கும் கூப்பன் அரிசி குடுப்பானா?"

"நீ பெரட்டுல வாய மூடிக்கிட்டு நில்லு. அது போதும்," என்றாள் அம்மா.

கணக்கப்பிள்ளை பேர்களை வாசித்தார். ஒருவரும் "இருக்கேங்க" என்று சொல்லவில்லை. துரை பிரம்பால் தன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு நின்றார். பனி மெல்ல விலகியது. மேல்மலை தெரிந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"வாடி கண்ணு, விடிஞ்சிருச்சு!"

தேயிலை அசையவில்லை. கூட்டத்தில் யாரோ "இருக்கேங்க" என்றார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

பண்டாரத்தைக் காணவில்லை. கலகத்துக்கு அம்மாதான் தலைவி என்று துரை எங்கள் பேரை வெட்டி, பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பினார். லயத்துச் சனமும் அவளைத்தான் ஏசியது.

"கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாரும் வந்திருப்பாங்கடி. கெடுத்துட்டியே!"

அம்மா சட்டிபானையை மூட்டை கட்டினாள்.

வேறு தோட்டம் தேடி மொனராகலைக்கு லொறியில் போனோம். முதல்முதலாக லொறி ஏறியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மடியில் சிவப்புப் பாவாடையை வைத்துக்கொண்டு, மேல்மலை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். லொறிப் புகைக்காக என்று நினைத்து நானும் பொத்திக்கொண்டேன்.

போன மாதம் அந்த மலைக்குப் போனேன். அக்காவைப் புதைத்தது எந்த இடமென்று தெரியவில்லை. முழங்கால் வலியோடு நின்று, அக்காவின் பெயரை ஒரு தடவை கூப்பிட்டேன்.

"யாரத் தேடுறீங்க தாத்தா?" என்றான் ஆட்டோக்காரத் தம்பி.

ஆட்டோக் கூலி, பதுளையிலிருந்து போய்வர, காத்திருந்ததும் சேர்த்து, மூவாயிரத்து இருநூறு ரூபாய்.