ஜீவராணியின் வேனைப் பிடித்த காற்று

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழைக்காலத்தில் ஜீவராணியை முதன்முதலாகச் சந்தித்தேன். தலவாக்கலைக்குச் செல்லும் பஸ்ஸைத் தவறவிட்டு, காற்றில் கம்பி முறிந்த குடையோடு தேயிலைத் தோட்டத்துப் பாதையோரம் நின்றிருந்தேன். பாடசாலைப் பிள்ளைகள் நிறைந்த வெள்ளை வேன் ஒன்று என்னருகே வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஓர் இளம்பெண்ணைக் கண்டதும் சற்றே தயங்கினேன்.

“ஏறுங்க டீச்சர். ஓட்டுறது பொம்பளதான். பிரேக்கு அதெல்லாம் பாக்காது” என்றாள் அவள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். அன்று முதல் எனக்கு வேறு வாகனம் தேவைப்படவில்லை.

அவளுடைய கணவன் நிரோஷன் கட்டாருக்குப் போவதற்கு முன் வாங்கிய வேன் அது. ஓட்டுவதற்கு ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லிவிட்டுப் போனான். அமர்த்திய ஆளோ, விடியற்காலைக் குளிரில் போர்வையை விட்டு எழ மாட்டாதவன். அவனை எழுப்பி எழுப்பிச் சலித்துப்போன ஜீவராணி, தானே ஓட்டக் கற்று உரிமம் பெற்றாள். தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவளுடைய தொழிலாயிற்று. எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் குமட்டும் என்பதை அவள் அறிவாள். அந்த வளைவு வருமுன்பே ஜன்னலைத் திறக்கச் சொல்வாள்.

மறு ஆண்டு ஆவணியில் வேனின் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. நகரத்தில் கராஜ் வைத்திருக்கும் வினோஜன் கவனமான வேலைக்காரர். ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினார். வாட்டர் பம்பையும் தெர்மோஸ்டட்டையும் மாற்றினார். ஆயினும், தோட்டத்து ஏற்றம் தொடங்கியவுடன் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மீண்டும் கொண்டுபோனாள். ரேடியேட்டர் மூடியும் மாறியது. முள் மட்டும் மாறவில்லை. ஏற்றந்தோறும் வேனை நிறுத்தி, இஞ்சினை ஆறவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தைய நாள் காலையில், ஜீவராணி ஒன்றைக் கவனித்தாள். முள் சிவப்பில் நிற்கிறது. ஆனால், ஹீட்டரைப் போட்டால் பனிக்கட்டியைத் தடவி வந்தது போன்ற குளிர்காற்று வீசுகிறது. இஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டர் எப்படிக் குளிரும்?

வினோஜன் அன்று தங்கையின் திருமணத்துக்காகப் பதுளையில் இருந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்றுகொண்டு, தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்து, ஜீவராணி அவரிடம் விவரத்தைச் சொன்னாள். மேளச் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்:

“அக்கா, அப்ப வண்டிக்குள்ள காத்து நிக்குது! காத்த வெளிய எடுக்கணும்!”

வேனின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்திக் காற்றை வெளியேற்றும் முறையை அவர் அடுத்துச் சொன்னார். அதற்குள் அவளுடைய மாமியார் காளியாயி முதல் வாக்கியத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் மலையில் காத்து என்பது வீசுவது மட்டுமன்று. ஆளைப் பிடிக்கும் ஆவியும் காத்துதான். பிடித்துவிட்டால், பூசாரி வந்து வேப்பிலை அடித்தே இறக்க வேண்டும். மதியச் சோற்றுக்குள், ஜீவராணியின் வேனைக் காத்து பிடித்த செய்தி கடைசி லயம் வரை போயிற்று.

முதலில் வந்தவள் பூரணி. அவளுடைய மகள் சர்மிளா மறுநாள் பரீட்சை எழுத இருந்தாள்.

“ஏன்டி ஜீவா, உள்ள கொதிக்குது, வெளிய குளிருது. மனுசனுக்கு இப்படி வந்தா என்னன்னு சொல்லுவோம்? எம்புள்ளைய நாளைக்கு அதுல ஏத்த மாட்டேன்.”

“அது நெசக் காத்து அக்கா! டியூப்புல நிக்கிற காத்து!”

“காத்துல என்னடி நெசக் காத்து, பொய்க் காத்து?”

அவளுக்குப் பின்னால் மற்றத் தாய்மாரும் நின்றார்கள். வேன் இல்லையென்றால், பிள்ளைகள் விடியுமுன் பனிமூட்டத்தில் பிரதான வீதி வரை இறங்கி, வருமோ வராதோ என்றிருக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பிந்தினால் பரீட்சை போயிற்று. ஒருநாள் நம்பாதவர்கள் பிறகும் நம்பப்போவதில்லை என்பதும் ஜீவராணிக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகலில், ஆறிக் கிடந்த வேனை மெதுவாக ஓட்டிச் சென்று முனியாண்டி கோயிலின் முன்னால், மூக்கு மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தினாள். தோட்டத்திலேயே செங்குத்தான ஏற்றம் அதுதான், அதனால் அவ்விடம். ஊரார் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்கள். காளியாயி பூசாரியை அழைத்து வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.

“எலுமிச்சம்பழம் வெட்டவாம்மா?” என்று பூசாரி கேட்டார்.

“வெட்டுங்க சாமி. இஞ்சினுக்கு அதனால ஒரு கெடுதியும் வராது.”

சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தாள். இஞ்சின் மறுபடியும் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். இஞ்சினை இயக்கி, ஹீட்டரை முழுவதுமாகத் திருப்பி வைத்தாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பூரணி உதட்டைப் பிதுக்கினாள்.

பின்னர், ரேடியேட்டரின் வாயில் ஒரு குமிழி வெடித்தது. தொடர்ந்து இன்னொன்று. ‘குளுக், குளுக்’ என்று பெரிய குமிழிகள் வரிசையாக மேலே வர, நிரம்பியிருந்த தண்ணீர் சரேலென்று கீழே இறங்கியது. ஜீவராணி மேலும் ஊற்றினாள். மீண்டும் குமிழி, மீண்டும் இறக்கம். புதிய உறுப்புகளை மாட்டியபோது குழாய்களுக்குள் அகப்பட்ட காற்று, தண்ணீரின் வழியை அடைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது. குமிழிகள் ஓய்ந்ததும் மூடியை இறுக்கிவிட்டு அவள் அழைத்தாள்:

“சர்மிளா, இங்க வந்து ஹீட்டர்ல கைய வச்சுப் பாரு.”

தாயின் பிடியிலிருந்து நழுவிச் சென்ற சர்மிளா உள்ளங்கையை நீட்டினாள். “அம்மா! அடுப்பு மாதிரி இருக்கு!”

பூரணியும் கை வைத்தாள். இரண்டாவது கையையும் வைத்தாள். குளிரில் விறைத்த அந்தக் கைகளை அவள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

“போயிருச்சுடி” என்றாள்.

“பின்ன? பழம் ரெண்டாப் பொளந்தப்பவே எனக்குத் தெரியும்” என்றார் பூசாரி.

ஜீவராணி அவரையும் வணங்கிவிட்டு, பெண்கள் பார்த்திருக்க அந்த ஏற்றத்தை இருமுறை ஏறி இறங்கினாள். முள் நடுவிலேயே நின்றது.

மறுநாள் காலையில் ஒரு பிள்ளைகூடக் குறையாமல் வேன் புறப்பட்டது. பூரணியும் துணைக்கு ஏறி, முன்னிருக்கையில் அமர்ந்து, வழி நெடுகிலும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். பரீட்சை மண்டபத்தின் வாயில் திறக்குமுன்பே எங்கள் பிள்ளைகள் அங்கே நின்றார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்கிறது.

அடுத்த வாரம் ஜீவராணி என் வீட்டுக்கு வந்தாள். வேனின் பின்புறத்தில் ஒரு பெயர் எழுதப்போவதாகவும், பெயின்ட் அடிப்பவர் பிழை விடாமலிருக்க நான் ஒரு தாளில் எழுதித் தர வேண்டுமென்றும் கேட்டாள். என்ன பெயர் என்றேன். சொன்னாள். நான் ‘காற்று’ என்று எழுதி நீட்டினேன்.

அவள் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

“எழுத்து அழகாத்தான் இருக்கு டீச்சர். ஆனா ‘ற்’ போட்டா அது சும்மா வீசுற காத்து. என் வண்டியில இருந்து எறங்குனது ‘த்’ போட்ட காத்து. பெரிய மனசு பண்ணி, அதையே எழுதித் தாங்க.”