பவளத்துக்குச் செருகிய வேப்பிலை

என் கணவர் தோட்டத்து ஆபீசில் கிராணி. எந்தக் கணக்கையும் பிசகாமல் எழுதுவார். வீட்டுக்கு வந்தவரிடம் 'போய் வாருங்கள்' என்று சொல்ல மட்டும் வாய் வராது. தொண்ணூறுகளில் அவருக்குக் கடல்மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. மலேசியாவின் பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் கடலைக் கண்ணாடிக்குள் வளர்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்கு உப்பு கலக்குவது என் வேலை.

ஒருநாள் லாரியில் உயிருள்ள பவளம் வந்தது. மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். பிளாஸ்டிக் பைக்குள் கோழை வழிய, பழுப்பாக ஒரு கட்டி சுருங்கிக் கிடந்தது. வெயிலில் குலுங்கி வந்ததில் பாதி உயிர் போயிருந்தது. விற்ற சீனக் கடைக்காரருக்குப் போன் செய்தோம். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்குங்கள், பிறகு இருட்டில் வையுங்கள், தொடாதீர்கள், தட்டாதீர்கள், தானாக விரியும்வரை சும்மா விடுங்கள் என்றார்.

சொட்டு விடுவது சுலபமாக முடிந்தது. சும்மா விடுவதுதான் நடக்கவில்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் டார்ச் அடித்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். என் கணவரோ எல்லாருக்கும் நாற்காலி போட்டார். பவளத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும், சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினேன். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்? எதிர்வீட்டுக்காரி இளநீரை வேலியோரம் வைத்துவிட்டு ஓடினாள். நான்தான் குடித்தேன். ஆபீசில் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும் என்று துரை இவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

"மாரியாத்தா பேர்ல வெளையாடுறியா?" என்று இவர் என்மேல் எரிந்து விழுந்தார். ஆத்தாளுக்குத் தெரியாத பிள்ளையா பவளம் என்றேன். திரை போட்ட இருட்டில் அது லேசாக உப்பத் தொடங்கியதும் அடங்கிவிட்டார். தினமும் திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். ஒரு காலை, மடிப்பு மடிப்பாகப் பச்சை கலந்து விரிந்திருந்தது. அவர் கண் கலங்கியது, எனக்கும்தான்.

செருகிவிட்ட இலையை எப்படி எடுப்பது என்று மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே! மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த குடத்தோடு பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த எதிர்வீட்டுக்காரி, நோய் கண்டவர் இருந்த இடத்தில் தெளிக்க வேண்டும் என்று நேரே கூடத்துக்குள் நுழைந்தாள். தொட்டி திறந்து கிடந்தது. அந்தத் தண்ணீர் உள்ளே விழுந்தால் பவளம் பிழைக்காது.

இவர் குறுக்கே பாய்ந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அங்க வேணாம். என் தலையில ஊத்துங்க."

ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அவர் முகத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா ஐயா, ஒடம்புல ஒரு முத்துகூட காணோம்லா?"

மூக்கு நுனியில் மஞ்சள் தண்ணீர் சொட்ட, பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர் பதில் சொன்னார்.

"முத்து இல்லம்மா. பவளம்."