மொசிடி வாங்காத புத்தகம்

லெகோபுங் கிராமத்துக்கு மொசிடியைத் தலைவி என்று யாரும் நியமிக்கவில்லை. வெள்ளைக்காரர் வீடுகளில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவள் அவள். கறுப்பின ஆண்கள் எங்கே போனாலும் காட்ட வேண்டிய அடையாளப் புத்தகம் கையில் இல்லை என்று அவள் கணவனைப் பிடித்து உருளைக்கிழங்குப் பண்ணையில் தள்ளினார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பியவனுக்கு விரல்கள் மடங்கவில்லை. ஐம்பத்தேழில், கறுப்பினப் பெண்களும் அந்தப் புத்தகத்தை வாங்கியாக வேண்டும் என்று அதிகாரி வந்து மேசை போட்டான். மொசிடி அன்றே பெண்களைக் கூட்டினாள்.

"நம்ம மண்ணுல நடக்க இவன்கிட்ட சீட்டு வாங்கணுமா? வாங்குறவ நம்ம கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாது."

பெண்கள் குலவையிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் காவோனே வாங்கிவிட்டாள். மொசிடியோடு பன்னிரண்டு வருடம் துணி துவைத்தவள். மகனுக்கு மூச்சுத் திணறியது. புத்தகம் இல்லாமல் நகரத்து மருத்துவமனையில் சேர்க்க மறுத்தார்கள். அவள் பிள்ளையோடு அங்கே இருந்தபோது, பட்டப்பகலில் அவள் குடிசை எரிந்தது. மொசிடி ஓடிப்போய்ப் பார்க்கையில் கூரை உள்ளே விழுந்துவிட்டது.

"யாரு வச்சது?"

"நீ சொன்னதைத்தானே செஞ்சோம்" என்றாள் ஒருத்தி.

மறுநாள் கூட்டத்தில் மொசிடி சொன்னாள்: "அந்த நெருப்பு என் வாயிலேருந்து வந்தது. புத்தகத்தை எதிர்ப்போம். பிள்ளைக்காக வாங்கினவளை விட்டுடுங்க." பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

நெருப்பு வைத்தது யார் என்று போலீஸ் மொசிடியைக் கேட்டது. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. விசாரணைகூட இல்லாமல், ஒரே ஒரு காகிதத்தில் அவளை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். ரயிலில் இரண்டு நாள் தொலைவு, வெறும் மணல், அவள் பேசும் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. கணவன் ஊரிலேயே தன் தம்பி வீட்டில் தங்கிவிட்டான்.

இரண்டாம் குளிர்காலத்தில் காவோனே சோள மாவு மூட்டையோடு வந்து நின்றாள்.

"உன்னை எப்படி ரயில்ல விட்டான்?"

"அதான் புத்தகம் இருக்கே."

மொசிடி தலை குனிந்தாள். "பையன்?"

"மாடு மேய்க்கிறான். அக்கா, உன்மேல கோபம் இன்னும் போகல. போகும்னும் தோணல."

"போக வேணாம். உக்காரு, அடுப்பை மூட்டுறேன்."

ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுக் காவோனே கிளம்பினாள். பிறகும் இரண்டு முறை வந்தாள்.

ஊர் திரும்ப விடச் சொல்லி மாதம் தவறாமல் மொசிடி அரசாங்கத்துக்கு மனு எழுதினாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டால் ஊர் திரும்பலாம் என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அவள் வாங்கவில்லை. எரிந்த குடிசையைப் பற்றியும் யாரிடமும் தன் பக்க நியாயம் பேசவில்லை. ஒன்பதாம் வருடம் மார்ச்சளியில் கிடந்து இறந்தாள். பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத அண்டைவீட்டார்தான் மணலில் குழி தோண்டினார்கள். காவோனே நான்கு நாள் பிந்தி வந்தாள். அந்தக் குழியைக் காட்டச் சொல்லி அவள் சைகையால்தான் கேட்க வேண்டியிருந்தது.