துபாய் சோப்பு

ப்ளஸ் டூ படித்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான், எங்கள் காலனிப் பையன், பல்லாவரத்து நண்பன் மூன்று பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். வீட்டில் கேட்டால் ஊர் சுற்றப் போகிறோம் என்போம். திரிசூலம் மலையடி, கீழ்க்கட்டளை ஏரிக்கரை, பல்லாவரம் சந்தை மைதானம் என்று தாம்பரத்தைச் சுற்றி நாங்கள் போகாத இடம் கிடையாது. உண்மையில் நாங்கள் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தோம். பல்லாவரத்து நண்பனின் அத்தாவை, அதாவது அவன் அப்பாவை.

தோல் கிடங்கில் வேலை போனதும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் போனவர் திரும்பவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் அவன் அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: "துபாய் போயிட்டாரு. திடீர்னு விசா வந்துடுச்சு." அந்தத் தெருவில் யார் வெளிநாடு போனாலும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஏர்போர்ட்டுக்கு வேன் வைத்துப் போய் அழுதுவிட்டு வருவார்கள். சொல்லாமல் அனுப்பிவிட்டாளே என்று எல்லாருக்கும் வருத்தம். அப்புறம் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! பெருநாள் வந்தால் பர்மா பஜாரில் ஃபாரின் சோப்பு வாங்கி, "அத்தா அனுப்பினாரு" என்று வீடு வீடாகக் கொடுக்க அவனை அனுப்புவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துபாயில் இருக்கிறவரைக் காணோம் என்று போலீஸில் எப்படிச் சொல்வது? டீக்கடையில் போட்டோவைக் காட்டி விசாரிக்கத்தான் முடியுமா? அதனால்தான் சைக்கிள். எங்கள் இருவருக்கும் சோப்பு கொடுக்கும்போது மட்டும் அவன் கண்ணடிப்பான். "எனக்கு வாட்ச் எப்படா வரும்?" என்பான் எங்கள் காலனிக்காரன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. சிரித்துத் தொலைப்போம். சிரிக்காவிட்டால் அடுத்த ஞாயிறு எப்படிக் கிளம்புவது?

அந்த வருஷம் நோன்பு முடியப்போகிற சமயத்தில் தீபாவளி வந்தது. ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூரில் நின்றது. "இவ்ளோ ஜனம் வர்ற எடம்டா, இங்க பாக்கலாம்" என்றான் பல்லாவரத்துக்காரன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளை உருட்டத்தான் முடிந்தது. "விழுப்புரம், திருச்சி, ஏறு ஏறு" என்று ஒரு குரல் கேட்டது. அவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவர்தான். தாடி நரைத்திருந்தது. ஆம்னி பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். ஓடிவிடுவார் என்று பயந்தேன். பக்கத்தில் வந்தார்.

"நோன்பு வெச்சிகீறியாப்பா?"

அவன் தலையாட்டினான். கடையில் தண்ணீர் பாக்கெட் வாங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் முனையைப் பிய்த்துக் கொடுத்தார். "தொறந்துக்கோ" என்றார். அவன் குடித்தான்.

"வூட்டுக்கு வாங்கத்தா. அம்மா அழுதுகினே கீது."

"தெருவுல இன்னான்னு சொல்லிகீறீங்க?"

துபாய், விசா, சோப்பு எல்லாவற்றையும் சொன்னான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"துபாய்லேர்ந்து வெறுங்கையோட எப்டிப்பா வர்றது?" என்றார்.

பஸ் நகர்ந்தது. யாரோ அவரைத் திட்டிக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் காலனிக்காரன்கூட வாட்சைப் பற்றிக் கேட்கவில்லை.

பெருநாள் அன்று அவன் பிரியாணித் தூக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சோப்பை எடுத்து நீட்டினான்.

"அத்தா அனுப்பினாரு."

கண்ணடிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டேய், எங்கிட்டயுமா?"

"இந்த தபா நெசம்டா. நேத்து மறுபடியும் பெருங்களத்தூர் போனேன், கூட்டியாந்துடலாம்னு. தெருவுக்கே சேத்து சோப்பு வாங்கி வெச்சிருந்தாரு. பையக் கையில குடுத்து அனுப்பிட்டாரு."

சோப்பை வாங்கிக்கொண்டேன். அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

"ஞாயித்துக்கெழம எங்கடா போலாம்?" என்று கேட்டேன்.

"எங்கயும் வேணாம் மச்சான். சோப்பே வந்துடுச்சு. இனிமே அவரு வர மாட்டாரு."