கீரியின் இரண்டாம் பாகம்

அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து இரணியலுக்கு வருவார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கொண்டுவந்தது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேமும் ஒரு கேசட்டும். நான்காம் வகுப்பில் இருந்தபோது அதே விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. மற்ற வளைகுடா வீட்டுப் பிள்ளைகள் சோப்பையும் மிட்டாயையும் காட்டிப் பெருமையடித்தார்கள். இரண்டு பாகங்களையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்கள் தெருவில் எனக்கு மட்டுமே இருந்தது. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்தினேன்.

முதல் பாகத்தில் ஒரு கீரி இடமிருந்து வலமாக ஓடும். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும். நண்டு வந்தால் தலையில் மிதிக்க வேண்டும். மூன்று உயிர்கள். மூன்றும் போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஏறி இறங்கும் பலகை ஒன்று உண்டு. அது இறங்கத் தொடங்கும் முன்பே குதித்தாக வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. கீரி எதற்காக ஓடுகிறது என்று விளையாட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் கீரி சுவரில் ஏறியது, குடை பிடித்து மிதந்தது, விழுந்தால் விழுந்த இடத்திலேயே எழுந்துகொண்டது. அது போதாதென்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் ஆங்கிலத்தில் வரிவரியாகக் கதை வேறு. கதை ஓடும்போது குதிக்க முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் கதை போய்விடும் என்று கண்டுபிடித்த பிறகுதான் அந்தக் கேசட்டின் மேல் எனக்கு ஓரளவு மரியாதை வந்தது.

அப்பா எனக்கு நேரெதிர். குதிக்கத் தெரியாது, முதல் பாகத்தில் முதல் பள்ளத்தையே அவர் தாண்டியதில்லை.

“இது எதுக்கு மக்கா இந்த ஓட்டம் ஓடுது?” என்று கேட்பார்.

இரண்டாம் பாகத்தில் கதை வந்துவிட்டால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

“அதுக்கு ஒரு வீடு இருக்கு, கேட்டியா. அங்க போய்ச் சேரத்தான் ஓடுது.”

“கதை வச்சா குதிக்கிறத லேசாக்கிருவாங்கப்பா. அது ஏமாத்து.”

இந்த வழக்கு அவருடைய இரண்டு மாத விடுமுறை முழுக்க நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. பிள்ளை அழுதால் போகிறவருக்குக் கால் எழாது என்பார்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளையை யாராவது எங்கேயாவது கூட்டிப்போய்விடுவார்கள். முந்தின முறை மாமா என்னை நாகர்கோவிலுக்கு ஐஸ்கிரீம் தின்னக் கூட்டிப்போயிருந்தார். இந்த முறை அவர் இரண்டாம் பாகத்தைச் சொருகி, கடைசிக் கட்டத்தை முடித்துக் காட்டு பார்ப்போம் என்றார். திருவனந்தபுரத்துக்குக் கார் நான்கு மணிக்கு என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஏமாந்தவள்தான் நான். ஆனால் ஐஸ்கிரீம் என்று யாராவது சொன்னால் மட்டும்தான் உஷாராக இருந்திருப்பேன்.

கடைசிக் கட்டத்தில் அப்பா வந்து பின்னால் நின்றார். சென்ட் வாசனை அடித்தது. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று நான் திரும்பவில்லை. கீரி சுவரேறிக் கடைசிப் பள்ளத்தையும் தாண்டியது. திரையில் ஒரு வீடு தெரிந்தது. கீழே எழுத்துகள் வரத் தொடங்கின.

அப்பா புதுப் பேண்டோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“மக்கா, இத மட்டும் விடு. நான் வாசிச்சுச் சொல்லுதேன். கொஞ்ச நேரந்தான்.”

“கதை வேஸ்ட்டுப்பா” என்று பொத்தானை அழுத்தினேன்.

வீடு போய்விட்டது. கீரி மறுபடி முதல் கட்டத்தில் வந்து நின்றது. வாசலில் மாமா தொண்டையைச் செருமினார்.

“சரி, நீ விளையாடு” என்று அப்பா என் தலையில் கை வைத்தார். கை வழுக்கி நெற்றிக்கு வந்து கண்ணை மறைக்க, கீரி பள்ளத்தில் விழுந்தது.

“கைய எடுங்கப்பா!” என்று கத்தினேன். எடுத்துவிட்டார். நான் கத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

விளையாடி முடித்து எழுந்து வந்தபோது காரும் இல்லை, பெட்டிகளும் இல்லை. விஷயம் புரிந்து, அழ வாயைத் திறந்தேன். மாமா அவசரமாகச் சொன்னார்.

“அப்பா மூணாம் பாகம் வாங்கல்லா போயிருக்காவ. அது அங்கதான கிடைக்கும்?”

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு, கதை இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்லும்படி மாமாவிடம் சொல்லிவைத்தேன். அடுக்களையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு கேசட் வாங்கப் போனதற்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.